வாசகர் கேள்வி – பதில்: வவுனியா நகரில் கையேந்துவோர்

இம்மாதம் வந்த கடிதங்களில் கணிசமானவை வவுனியா நகரில் பிச்சை எடுப்பவர்களைப் பற்றியவை. கோபம், இரக்கம், குழப்பம் எல்லாம் அவற்றில் இருந்தன. நான்கு கடிதங்களைத் தெரிந்தெடுத்து, இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வெள்ளிக்கிழமை காலையில் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டி முடிப்பதற்குள் பிச்சைக்காரர்கள் வரிசையாக வந்துவிடுகிறார்கள். வாங்கிய காசைச் சிலர் மாலையில் குடித்துத் தீர்ப்பது ஊரறிந்த விடயம். நகரசபை மாநகரசபையாகிவிட்ட இந்தக் காலத்திலாவது பொலிஸாரைக் கொண்டு இவர்களை அப்புறப்படுத்த முடியாதா? பாத்திரம் அறிந்து பிச்சையிடச் சொன்ன பெரியவர்கள் தவறாகவா சொன்னார்கள்?
– வர்த்தகர் ஒருவர், வவுனியா

பதில்: பொலிஸாருக்கு அதிகாரம் இல்லை என்று சொல்ல முடியாது. 1841 ஆம் ஆண்டு பிரித்தானியர் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உழைத்துப் பிழைக்கக்கூடிய உடல்நிலை இருந்தும் உழைக்க மறுத்துப் பிச்சை எடுப்பவரும், புண்ணையும் ஊனத்தையும் காட்டிப் பிச்சை கேட்பவரும் அச்சட்டத்தின்படி தண்டனைக்கு உரியவர்கள். அப்படிப்பட்டவர்களைத் தடுத்து வைப்பதற்கான இல்லங்கள் பற்றி 1907 ஆம் ஆண்டில் இன்னொரு கட்டளைச் சட்டம் வந்தது. அவ்வகை இல்லங்களில் பலரும் கேள்விப்பட்டிருக்கும் ரிதியகம, அம்பாந்தோட்டை மாவட்டத்தில், நாட்டின் தெற்குக் கரைக்கு அருகில் இருக்கிறது. நெடுங்கேணியிலோ செட்டிகுளத்திலோ பிறந்து, தமிழைத் தவிர வேறு மொழி பேசத் தெரியாத ஒரு முதியவரை அத்தனை தூரம் கொண்டுபோய் விட்டால் நகரம் துப்புரவாகிவிடும் என்று நினைப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. அவ்வளவு தூரம் அனுப்பாமல் பேருந்து நிலையத்திலிருந்து மட்டும் விரட்டினால், அவர் கந்தசாமி கோவில் வீதிக்குப் போவார். அங்கிருந்தும் விரட்டினால் புகையிரத நிலைய வாசலுக்குப் போவார். புகையிரதங்களுக்குள் பிச்சை எடுப்பதை 2018 இல் தடை செய்தார்கள். பிச்சை எடுக்க வேண்டிய நிலைமையை அந்தத் தடை மாற்றிவிடவில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நகரின் கடைத்தெருவில் நடந்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஐந்து ரூபா, பத்து ரூபாக் குற்றிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். வருபவர் படியில் கால் வைக்கும் முன்பே கடையில் நிற்கும் பையன் வெளியே வந்து, விரல் படாமல் அவருடைய உள்ளங்கையில் ஒரு குற்றியைப் போட்டுவிட்டு, மற்றக் கையால் போகச் சொல்லிச் சைகை காட்டுவான். முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார். ‘நல்லா இருங்கோ’ என்று வாங்கியவர் சொல்வதை யாரும் காதில் வாங்குவதும் இல்லை. ஆண்டுக்கணக்காக ஒவ்வொரு வெள்ளியும் அதே படிக்கு வரும் ஒரு மனுசியின் பெயர்கூட அந்தக் கடையில் எவருக்கும் தெரியாது. அவரை அந்த இடத்தை விட்டு நகர்த்துவதற்காகக் கொடுக்கப்படும் காசு அது. அதைத் தர்மம் என்று எழுதிக்கொள்வதற்கு எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பாத்திரம் அறிந்துதான் கொடுக்க வேண்டும் என்ற உங்கள் கருத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அறிவதற்கு ஒரு தடவையாவது அவரோடு பேசியிருக்க வேண்டும். எந்த ஊர், யார் சொந்தம், எங்கே படுக்கிறார் என்றாவது கேட்டிருக்க வேண்டும்.

குடிப்பவர் விடயத்தில் நீங்கள் சொல்வது சரி. அவர் கையில் காசு கொடுக்க வேண்டியதில்லை; சாப்பாட்டுப் பார்சல் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். உங்கள் தெருவிலுள்ள கடைக்காரர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமைச் சில்லறையை ஒன்றாகச் சேர்த்தால், சில பேருக்கு ஒழுங்காக மதியச் சாப்பாடு கொடுக்கும் தொகை அதில் தேறும் என்று நம்புகிறேன். கொடுக்க விருப்பமில்லை என்றால் கொடுக்காமல் விடலாம், அதற்கு எவரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. ஏசுவது மட்டும் வேண்டாம்.

கேள்வி: பம்பைமடுவுக்குப் போவதற்காகப் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது, கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும், ஏழு எட்டு வயதிருக்கும் ஒரு சிறுமியும் காசு கேட்டு வருகிறார்கள். கொடுத்தால் தவறு செய்வது போலவும், கொடுக்காவிட்டால் பாவம் செய்வது போலவும் இருக்கிறது. குழந்தையை வாடகைக்கு எடுத்து வருகிறார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். நான் என்ன செய்ய வேண்டும்?
– பல்கலைக்கழக மாணவி

பதில்: தங்கச்சி, சிறுமியின் கையில் காசு கொடுக்க வேண்டாம். இந்த ஒரு விடயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. சிறு பிள்ளை கேட்டால் பெரியவர் கேட்பதை விடக் கூடுதலாகக் காசு சேரும் என்று தெரிந்துவிட்டால், அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்கு எவரும் முன்வர மாட்டார்கள். இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். பிள்ளைகளைப் பிச்சை எடுக்க வைப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம், அதைச் செய்பவர் பெற்ற தாயாக இருந்தாலும் சரி.

நீங்கள் செய்யக்கூடியது, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைப்பு எடுப்பதுதான். அந்த அழைப்புக்குக் கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். இடத்தையும் நேரத்தையும் கண்டதையும் மட்டும் சொல்லுங்கள். வாடகைக் குழந்தை என்று கேள்விப்பட்டதைக் கண்டது போலச் சொல்ல வேண்டாம். அந்தக் கதை இலங்கையின் ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் சொல்லப்படுகிறது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கக்கூடும். ஆனால் உங்கள் முன்னால் நிற்பவள் கணவன் விட்டுப்போன, உறவுகள் கைவிட்ட ஒரு தாயாகவும் இருக்கலாம். யார் என்று விசாரிக்க வேண்டியவர்கள் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் நன்னடத்தை உத்தியோகத்தரும். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து இல்லத்தில் சேர்ப்பது அவர்களுடைய முதல் வேலை அல்ல. தாய்க்கு உதவி ஒழுங்கு செய்து, பிள்ளையை வீட்டிலிருந்தே பாடசாலைக்கு அனுப்ப முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பசிக்கிறது என்று அந்தப் பிள்ளை சொன்னால், பணிஸ் ஒன்றை வாங்கி உங்கள் முன்னாலேயே சாப்பிடச் சொல்லுங்கள். கைபேசியில் படம் எடுத்து முகநூலில் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு இதே ஊரில் ஒரு வகுப்பறையில் உட்கார வேண்டியவள்.

கேள்வி: நாங்கள் 2009 இல் உடுத்த உடுப்போடு வெளியே வந்தவர்கள். அப்பாவையும் தம்பியையும் இழந்தோம். முகாமிலிருந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் இருந்து, கூலி வேலை செய்து இப்போது தலை நிமிர்ந்து நிற்கிறோம். ஒருவரிடமும் கை நீட்டவில்லை. அதனால் பிச்சை எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு இரக்கம் வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது. இது தவறா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இந்த ஆத்திரம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல, வன்னியில் பலரும் இதை வெளிப்படையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் இழந்தும் மானத்தை விடாமல் எழுந்து நின்றவர்களுக்கு, அதை விட்டுவிட்டது போலத் தெரியும் ஒருவரைக் காண்பது பொறுக்க முடியாததாக இருக்கிறது. அந்த உணர்ச்சியைத் தவறு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நீங்கள் எழுந்து நிற்பதற்கு எவை துணையாக இருந்தன என்று கொஞ்சம் எண்ணிப் பார்க்கும்படி கேட்கிறேன்.

போரிலிருந்து வெளியே வந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் எல்லோரும் வரிசையில்தான் நின்றோம். தண்ணீருக்கு வரிசை, சமைத்த சாப்பாட்டுக்கு வரிசை, மாவுக்கும் பருப்புக்கும் வரிசை. ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அந்த ஆண்டில் முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் மெனிக் பாம் முற்றாக மூடப்பட்டது. அந்த வரிசையை எவரும் பிச்சை என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நாம் பொறுத்திருக்கவும் மாட்டோம். அதற்குப் பிறகு வெளியே வந்தவர்களில் யார் எழுந்தார்கள்? காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ கையில் இருந்தவர்கள், வெளிநாட்டில் ஒரு சகோதரமாவது இருந்தவர்கள், வீட்டில் உழைக்கக்கூடிய ஒருவராவது உயிரோடு மிஞ்சியவர்கள். உங்கள் உழைப்பை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. அந்த உழைப்பு கால் ஊன்றுவதற்கு ஒரு துண்டு நிலம் உங்களுக்கு இருந்தது.

பிள்ளைகள் அனைவரையும் இழந்த ஒரு கிழவிக்கு அது இல்லை. காலை இழந்தவருக்கும், அந்த நாட்களில் கண்டவற்றால் மனம் குழம்பி இன்றுவரை தெளியாதவருக்கும் அது இல்லை. கூலி வேலை செய்யலாமே என்கிறீர்கள். வன்னியில் வயதானவர்களுக்கு இருந்த கூலி வேலைகளுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அரிவி வெட்டுக் காலத்தில் ஊரே வயலில் நின்ற காலம் ஒன்று இருந்தது. வெட்ட முடியாத கிழவிகள் பின்னால் போய்க் கதிர் பொறுக்கி, சில மாதச் சோற்றுக்கு நெல் சேர்த்தார்கள். இப்போது வெட்டு மெஷின் இறங்கினால், வெட்டி, அடித்து, மூட்டை கட்டுமளவுக்கு நெல்லாகவே தந்துவிடுகிறது. கமக்காரருக்கு அது பெரிய ஆறுதல், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதிர் பொறுக்கியவரின் இடம் அந்த வயலில் இல்லாமல் போய்விட்டது.

அரச உதவி இருக்கிறதே என்றும் கேட்பீர்கள். சமுர்த்திக்குப் பதிலாக 2023 இல் அஸ்வெசும தொடங்கியபோது, மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை நான்கு படிகளில் கொடுப்பனவு அறிவிக்கப்பட்டது. ஆனால் அது குடும்பத்தை அலகாக வைத்து, வீட்டுக்கு வீடு கணக்கெடுத்துச் செய்யப்பட்ட திட்டம். கோவில் மண்டபத்தில் படுத்து எழும்பும் ஒருவருக்குக் கதவிலக்கமும் இல்லை, வாசலுக்கு வந்து கேட்பவரும் இல்லை. எங்கள் வீதிகளில் கையேந்தி நிற்பவர்களில் உழைக்கச் சோம்பல்பட்டவர் ஒருவருமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அந்த ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் பார்க்கிறோம் என்பதுதான் என் ஆதங்கம். வீதியில் ஒரு மனுசி கை நீட்டியதால் உங்கள் மானத்துக்கு ஒரு குறையும் வரவில்லை, அக்கா.

கேள்வி: எங்கள் கோவில் வாசலில் இருக்கும் முதியவர் ஒருவருக்கு உதவ விரும்புகிறேன். இடம்பெயர்ந்தபோது அடையாள அட்டை தொலைந்துவிட்டதால் கொடுப்பனவு ஒன்றும் கிடைப்பதில்லை என்கிறார். எங்கே தொடங்குவது?
– வாசகர், குருமன்காடு

பதில்: கிராம அலுவலரிடம் தொடங்குங்கள். அடையாள அட்டைக்கான விண்ணப்பம் அவர் ஊடாகத்தான் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். முதியவருக்குப் பழைய அட்டையின் இலக்கம் ஞாபகம் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றை அவர் பிறந்த இடத்துக்குரிய பதிவாளர் அலுவலகத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவே இல்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெறுவதற்கு வழி உண்டு. அட்டை வந்த பிறகு, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து முதியோர் கொடுப்பனவுக்கும், அஸ்வெசுமவுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். உழைக்கும் பிள்ளைகள் இருந்தும் கைவிட்டிருந்தால், 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி பராமரிப்புச் சபையிடம் முறையிட்டுப் பிள்ளைகளிடமிருந்து மாதப் பணம் கேட்கலாம். பல முதியவர்கள் பிள்ளைகளுக்கு எதிராக அப்படிச் செய்ய விரும்புவதில்லை. அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

அவரைத் தனியாக அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டாம். கோவில் வாசலில் இருப்பவர் என்று தெரிந்ததும் ‘நாளைக்கு வாங்கோ’ என்ற பதில் மிக எளிதாக வரும். பக்கத்தில் நீங்கள் நின்றால் அந்தப் பதில் வருவது குறையும். போகும்போது கோவில் நிருவாகத்தினரின் கடிதம் ஒன்றையும் கொண்டு போங்கள், அவர் அங்கேதான் இருக்கிறார் என்பதற்கு அது ஆதாரமாகும். எல்லாம் சரிவர மாதங்கள் ஆகலாம். அதுவரை பக்கத்துச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கணக்கு வைத்து, அவருடைய மதியச் சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்யுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு படிவத்திலும் பிரதி ஒன்றை எடுத்து உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.