ஆர்கானிக் பு-அர் தேயிலையை எப்படி நொதிக்க வைக்கிறார்கள்? அந்த மண்வாசனை இயல்பானதா, கெட்டுப்போனதன் அடையாளமா?

பு-அர் என்பது சீனாவின் யுன்னான் மாகாணத்துத் தேயிலை. அதில் ஒரு வகையை ஈரமாகக் குவித்து நொதிக்க வைப்பார்கள். முதலில் நேரடிப் பதில். மழை நனைத்த மண், பழைய மரப்பலகை, பேரீச்சை இந்த மாதிரி வாசனை வந்தால் அது நல்ல பு-அர். லேசான மீன் கவிச்சி இருந்தால், குவியலிலிருந்து எடுத்து அதிக நாள் ஆகவில்லை என்று பொருள். காற்றாட வைத்தால் போய்விடும். புளிப்பு, கருகல், தொண்டையைப் பிடிக்கும் பூசண நெடி ஆகிய மூன்றும் தவறுகள். இவை போகாது. எந்தத் தவறு எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை பாக்கெட்டைப் பிரித்ததுமே உங்களுக்கே புரிந்துவிடும்.

நாம் தினமும் குடிக்கும் டீத்தூளில் நடப்பது பெரும்பாலும் ஆக்சிஜனேற்றம். இலையின் சொந்த நொதிகள் காற்றோடு சேர்ந்து சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். பு-அரில் வேலை செய்பவை பூஞ்சைகளும் ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும். அவற்றுக்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். ஹூனான் மாகாணத்து ஃபூ செங்கல் தேயிலை, பாக்கு வாசனைக்குப் பேர் போன குவாங்சியின் லியு பாவ் ஆகியவையும் நுண்ணுயிர் நொதிப்பில் உருவாகிறவைதான். இங்கே பு-அரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதிலும் 'ஷோவ்' எனப்படும், குவித்துப் பழுக்கவைத்த வகையை. 'ஷெங்' என்பது குவிக்காமல், அழுத்திய வில்லையாகவே ஆண்டுக்கணக்கில் மெல்ல முதிர விடப்படுவது. அதன் கணக்கே வேறு.

2008இல் வந்த சீன தேசியத் தரநிலைப்படி பு-அர் என்ற பெயருக்கு மூன்று நிபந்தனைகள்: யுன்னான் மாகாணத்தின் வரையறுக்கப்பட்ட பகுதியில் விளைந்திருக்க வேண்டும், பெரிய இலைத் தேயிலை ரகமாக இருக்க வேண்டும், இலையை வெயிலில் உலர்த்தியிருக்க வேண்டும். சிஷுவாங்பன்னா, லின்சாங், முன்பு சிமாவ் என்றிருந்து 2007இல் பெயர் மாறிய பு-அர் நகரப் பகுதி ஆகியவை முக்கிய விளைநிலங்கள். வெயில் என்ற நிபந்தனை சும்மா வைத்ததல்ல. பச்சைத் தேயிலையை அதிகச் சூட்டில் உலர்த்தி மணத்தை அப்படியே நிலைநிறுத்திவிடுவார்கள். பு-அர் இலையை இரும்புச் சட்டியில் விறகு நெருப்பில் வாட்டி, உருட்டி, வெயிலில் காயவைப்பதால் அதன் நொதிகள் முழுதாக அடங்கிப்போவதில்லை. பிறகு மாறுவதற்கு இடம் வைத்திருக்கும். ஏறக்குறைய நான்கு கிலோ பச்சை இலையிலிருந்து ஒரு கிலோ உலர்ந்த 'மாவோச்சா' கிடைக்கும். சட்டியில் வாட்டும்போது அவசரப்பட்டு ஓரம் கருகினால் அந்தப் புகை நெடி கடைசிக் கோப்பை வரை வரும். குவியல் அதை மறைக்காது.

இனி குவியல். 'வோ துய்' என்ற இந்த ஈரக்குவியல் முறை 1973 வாக்கில் குன்மிங் தேயிலை ஆலையில் உருவாக்கப்பட்டு, மெங்ஹாய் ஆலையிலும் வளர்த்தெடுக்கப்பட்டது. பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய முதிர்ச்சியைச் சில வாரங்களில் கொண்டுவருவதே நோக்கம். மாவோச்சாவை சிமெண்டுத் தரையில் அம்பாரமாகக் குவித்து, அதன் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை தண்ணீர் தெளிப்பார்கள். பத்து டன் இலை என்றால் மூன்று நான்கு டன் தண்ணீர். உயரம் முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர். மேலே ஈரத்துணியைப் போர்த்துவார்கள். வெளியிலிருந்து சூடேற்றுவதில்லை. நுண்ணுயிர்கள் பெருகும்போது விடும் சூட்டிலேயே ஓரிரு நாளில் உள்ளே 50 டிகிரியைத் தொடும்.

இங்கேதான் கைப்பக்குவம். உள்வெப்பம் 50 முதல் 65 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் நடுவில் உள்ள இலை கருகிக் கரியாகிவிடும். வெந்நீரில் எவ்வளவு நேரம் ஊறினாலும் விரியாத, விரலில் நசுக்கினால் மசியாத, கறுத்த கட்டையான இலை இதுதான். 40க்குக் கீழேயே தங்கிவிட்டால் இலை பழுக்காது. தண்ணீர் அதிகமாகி காற்றும் போகாவிட்டால் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் கை ஓங்கி, புளிப்பு ஏறிவிடும். அதனால் ஏறத்தாழ வாரம் ஒரு முறை முழுக் குவியலையும் புரட்டிப் போடுவார்கள். மண்வெட்டி உள்ளே இறங்கியதும் ஆவி குப்பென்று எழும்பும். வெளி ஓரத்து இலை உள்ளே போக வேண்டும், நடு இலை மேலே வர வேண்டும், பசை பிடித்துத் திரண்ட கட்டிகளைக் கையால் உடைக்க வேண்டும். காய்ந்த இடத்துக்கு மட்டும் மறுபடி தண்ணீர் தெளிப்பு. ஒருமுறை புரட்டத் தாமதித்தால் நடு கருகும். அடிக்கடி புரட்டினால் சூடு இறங்கி வேலை நின்றுவிடும். வெப்பமானி வைத்திருந்தாலும், ஒரு பிடி இலையை அழுத்தி ஈரத்தையும் முகர்ந்து வாசனையையும் பார்த்துத்தான் பழகியவர்கள் முடிவெடுப்பார்கள்.

உள்ளே வேலை செய்பவர்களில் முக்கியமானவை ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் உள்ளிட்ட பூஞ்சைகள், பிளாஸ்டோபோட்ரிஸ் என்ற ஈஸ்ட், வெப்பம் தாங்கும் பாக்டீரியாக்கள். துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டெக்கின்கள் சிதைகின்றன. கருஞ்சிவப்பு நிறம் தரும் தியாபிரவுனின்கள் பெருகுகின்றன. காலிக் அமிலம் கூடுகிறது. அந்தப் பழைய மர, மண் வாசனைக்கு முக்கியக் காரணம் மெத்தாக்ஸிபென்சீன்கள் என்ற சேர்மக் குழு. ஆக, மண்வாசனை என்பது மண்ணிலிருந்து ஒட்டிக்கொண்ட அழுக்கல்ல, நொதிப்பின் விளைபொருள். காஃபீன் மட்டும் பெரிதாகக் குறைவதில்லை. 'நொதித்த டீ தூக்கத்தைக் கெடுக்காது' என்பதை நம்பி இரவு பத்து மணிக்குக் குடிக்க வேண்டாம்.

மொத்தம் 45 முதல் 60 நாள். முடியும் தறுவாயில் குவியலில் வாய்க்கால் போலப் பள்ளம் கீறி, நிழலில் ஆறவிட்டு ஈரத்தை இறக்குவார்கள். பிறகு சல்லடை. சிறு மொட்டு இலைகள் 'கோங்திங்' என்ற உயர்தரமாகவும், மற்றவை 1, 3, 5, 7, 9 என்ற தரங்களாகவும் பிரியும். உடையாத கட்டிகள் 'லாவ் சா தோவ்' என்ற பெயரில் தனியாக விற்கும். அவற்றைக் காய்ச்சிக் குடித்தால் சுவை நன்றாக வரும். 7572 போன்ற பழைய எண்களை இப்படிப் படிக்கலாம்: முதல் இரண்டு இலக்கம் கலவை உருவான ஆண்டு, மூன்றாவது இலைத் தரம், கடைசி ஆலையின் எண், 2 என்றால் மெங்ஹாய். வில்லையாக்க, இலையை ஆவியில் இளக்கி, துணிப்பையில் இட்டு கல் அச்சில் அழுத்துவார்கள். வழக்கமான எடை 357 கிராம். ஏழு வில்லை சேர்ந்த ஒரு கட்டு ஏறக்குறைய இரண்டரை கிலோ.

ஆர்கானிக் விஷயத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். பூச்சிமருந்து எச்சத்தைக் குவியல் கரைத்துவிடும் என்று நம்பக்கூடாது, தேநீர் போடும்போது முதலில் ஊற்றும் நீரைக் கொட்டினாலும் முழுதாகப் போகாது. ஆகவே இலை சுத்தமாக இருப்பதற்கு மாற்று கிடையாது. தேயிலை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ரசாயனம் நிறுத்தி மூன்று ஆண்டு மாற்றக்காலம் முடிந்த பிறகுதான் சான்று தருவார்கள். காட்டு மரங்களுக்கிடையே வளரும் பழந்தேயிலை மரங்கள் வேறு, 2023இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜிங்மாய் மலை போல; நெருக்கமாக நட்ட படிக்கட்டுத் தோட்டம் வேறு. பின்னதில்தான் ரசாயனப் பழக்கம் அதிகம். ஆனால் 'பழமையான மரத்து இலை' என்று உறையில் எழுதியிருப்பது சான்று ஆகாது.

அடுத்த சிக்கல் அளவு. குவியல் சூடு பிடிக்கக் கனம் வேண்டும். டன் கணக்கில் இருந்தால்தான் சூடு தானே நிற்கும். சான்றுபெற்ற இலையோ சிறு சிறு அளவில்தான் கிடைக்கும், மற்றதோடு கலக்கவும் கூடாது. அதனால் சில ஆர்கானிக் தயாரிப்பாளர்கள் நூறு, இருநூறு கிலோவை மூங்கில் கூடையிலோ மரப்பெட்டியிலோ தரையைத் தொடாமல் நொதிக்க வைக்கிறார்கள். தரை அழுக்கு படாது என்பது நன்மை. ஓரங்களில் சூடு சீக்கிரம் இறங்குவது தீமை. போர்வையும் அறை வெப்பமும் சரியில்லாவிட்டால் அரைகுறையாகப் பழுத்து, செம்பழுப்பு இலையும் துவர்ப்பும் மிச்சமிருக்கும். ஆலை இரண்டு வகை இலையையும் கையாண்டால், நொதிக்கும் தரை, தண்ணீர், சல்லடை, கிட்டங்கி எல்லாமே தனியாகவோ, இடையில் முழுதாகச் சுத்தம் செய்யப்பட்டோ இருக்க வேண்டும். கிட்டங்கியில் பூச்சிக்குப் புகை போட்டாலே சான்று போய்விடும். சீனச் சந்தைக்கான ஆர்கானிக் பொருளில் ஒவ்வொரு சிறு பொதியிலும் 17 இலக்க எண் ஒட்டியிருக்கும். இணையத்தில் அதைப் போட்டு யாருடையது என்று பார்க்கலாம். என் கருத்தில் சான்று சொல்வது இலையைப் பற்றித்தான். புரட்டியவர் கையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆகவே சான்றும் பாருங்கள், சுவையும் பாருங்கள். 'முப்பது வருட ஷோவ்' என்ற விளம்பரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கவிச்சி போகச் சில மாதம் முதல் இரண்டு மூன்று ஆண்டு போதும்.

போடும் முறை எளிது. 110 மி.லி. மூடிக்கோப்பைக்கு 6 கிராம், கொதிக்கும் தண்ணீர். முதல் நீரை ஐந்து விநாடியில் வடித்துக் கொட்டிவிடுங்கள். அழுத்திய வில்லை என்றால் இரண்டு முறை. பிறகு பத்து விநாடி, அடுத்தடுத்த முறை சற்றுக் கூட்டி, எட்டுப் பத்து தடவை வரை இறக்கலாம். பெரிய கெண்டியில் என்றால் அரை லிட்டருக்கு 4 கிராம், நான்கு நிமிடம். சர்க்கரை வேண்டாம், பாலும் வேண்டாம். சாமந்தியோடு சேர்ப்பது மட்டும் கேண்டனீய (தென்சீன குவாங்டாங்) உணவகங்களின் பழைய வழக்கம், நன்றாகவும் இருக்கும். நல்ல ஷோவ் வெளிச்சத்தில் பிடித்தால் கருஞ்சிவப்பாக, தெளிவாகத் தெரியும், கலங்கல் இருக்காது. நாக்கில் சோறு வடித்த கஞ்சி போல வழுவழுப்பாக இறங்கி, விழுங்கியபின் அடித்தொண்டையில் இனிப்பு தங்கும். ஆறியபின் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்: சூட்டில் மறைந்த புளிப்பு அப்போதுதான் தலைகாட்டும். வடித்த இலையையும் விரித்துப் பாருங்கள்: பழுப்பாக, மெத்தென்று, இழுத்தால் கொஞ்சம் தாங்கினால் இலை சரியாகப் பழுத்திருக்கிறது.

வீட்டில் கடைத் தேயிலையை நனைத்துக் குவித்து 'ஷோவ்' செய்ய முயல வேண்டாம். சில கிலோ இலை 50 டிகிரியைத் தொடாது. அந்தச் சூடு இல்லாத இடத்தில் எந்தப் பூஞ்சை வளர்கிறது என்பது உங்கள் கையில் இல்லை, நச்சு உண்டாக்கும் வகைகளும் வரலாம்.

சேமிக்க 25 டிகிரி, 60–70 சதவீதக் காற்று ஈரம் நல்லது. சென்னை, தூத்துக்குடி, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் ஈரம் அதைத் தாண்டும். வில்லையைத் தாளோடு மண்ஜாடியிலோ அட்டைப்பெட்டியிலோ வைத்து, சுவரை ஒட்டாமல், சமையலறைக்கும் ஊதுபத்திக்கும் தொலைவில் வையுங்கள். ஷோவ் அக்கம்பக்க வாசனையை உறிஞ்சிக்கொள்ளும், மசாலா டப்பா பக்கத்தில் இருந்தால் கதை முடிந்தது. மேலே வெண்மையாகவோ பச்சையாகவோ பஞ்சு போலப் பூத்திருந்தால் துடைத்துக் குடிக்காதீர்கள், முழு வில்லையையும் தூக்கிப் போடுங்கள். ஃபூ செங்கல் தேயிலையில் மட்டும் உள்ளே மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும் 'பொற்பூ' வேண்டுமென்றே வளர்க்கப்படும் பூஞ்சை. அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை.