தேவனுடைய அன்பைப் போல மனிதனால் நேசிக்க முடியுமா?

"கடவுள் நேசிப்பதுபோல் நேசி என்பது பிரசங்க மேடைக்குத்தானே சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான்.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் காரணம் எளியது: பிதா தீயோர்மேலும் நல்லோர்மேலும் தம் சூரியனை உதிக்கச் செய்கிறார், அவருடைய பிள்ளைகளும் அப்படியே பகைவரை நேசிக்க வேண்டும். மனம் உருக வேண்டும் என்று அங்கே இல்லை. நன்மை செய்யுங்கள், ஜெபியுங்கள் என்றுதான் இருக்கிறது. இரண்டும் செயல்கள்.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் மகன்கள் பிலிப், திமோத்தேயும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு வயது 10, 6. மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்தார். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, மகளோடு ஆஸ்திரேலியா திரும்பாமல் ஒடிசாவின் பாரிபதா நகரிலேயே தங்கி, தொழுநோயாளிகளுக்கான பணியை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்ததுதான். 2005-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மன்னித்தால் குற்றவாளி தப்பிவிடுவானே என்று சிலர் கேட்பார்கள். இந்த வழக்கு நீதிமன்றத்தில் நடந்தது. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதிசெய்தது. கிளாடிஸ் விட்டுக்கொடுத்தது வன்மத்தை. சட்டத்தின் வேலையை அல்ல.