கேள்வி–பதில்: எந்த நாளுக்கு எந்தக் கிமோனோ?

கேள்வி: ஜப்பானியர் தங்கள் மரபுடையான கிமோனோவை இப்போதும் உடுத்துகிறார்களா, திருமணத்துக்கு மட்டும்தானா?

பதில்: தினமும் உடுத்துபவர்கள் குறைவு, நாள் பார்த்து உடுத்துபவர்கள் நிறைய. ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை ‘வயது வந்தோர் நாள்’. 2022 ஏப்ரலில் சட்டப்படியான வயது 18 ஆகிவிட்டாலும், பெரும்பாலான ஊர்களில் விழா இன்னும் 20 வயதுக்காரர்களுக்கே. அன்று இளம்பெண்கள் உடுத்துவது ஃபுரிசோதே. அதன் கை ஏறக்குறைய ஒரு மீட்டர் தொங்கும், திருமணமாகாதவர்களுக்கு உரியது. மார்ச் மாதப் பட்டமளிப்புக்குக் கிமோனோவின் மேல் ஹகாமா என்னும் மடிப்புப் பாவாடை போன்ற உடையைக் கட்டுவார்கள். நவம்பர் 15-ஐ ஒட்டி 3, 5, 7 வயதுக் குழந்தைகளைக் கோயிலுக்கு அழைத்துப் போவார்கள்.

திருமணத்தில் மணமக்களின் தாய்மார் உடுத்துவது கறுப்பு. அதைத் துக்க உடை என்று எண்ணிவிடாதீர்கள். ஐந்து குலச்சின்னங்களும், இடுப்புக்குக் கீழே மட்டும் சித்திரமும் இருந்தால் அது குரோதோமெசோதே, மணமான பெண்ணின் மிக உயர்ந்த விழா உடை. சித்திரமே இல்லாத கறுப்புதான் துக்கத்துக்கு.

கேள்வி: ஆகஸ்டில் ஜப்பான் போகிறேன். வாணவேடிக்கைக்கு யுகாதா என்னும் கோடைக் கிமோனோ உடுத்தலாமா? நானே கட்டிக்கொள்ள முடியுமா?

பதில்: தாராளமாக உடுத்தலாம், அதற்கென்றே உள்ள உடை அது. உள்துணி வைத்துத் தைக்காத பருத்தி என்பதால் கோடைக்கு இதம். வெறுங்காலில் கெதா என்னும் மரச்செருப்பு போதும்.

முதுகுத் தையல் நடுவில் நிற்கட்டும். கீழ்விளிம்பைக் கணுக்கால் அளவுக்குத் தூக்கிப் பிடித்து, முதலில் வலப்பக்கத்தை உடலோடு சுற்றுங்கள். அதன் மேல் இடப்பக்கம் வரவேண்டும். இதை மட்டும் மாற்றிவிடக் கூடாது. வலப்பக்கம் மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

இடுப்பெலும்புக்குச் சற்று மேலே கோஷிஹிமோ என்னும் நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். முழு நீளத்தையும் தாங்குவது அதுதான். தளர்ந்தால் நடக்க நடக்க விளிம்பு தரையில் இழுபடும். அக்குளுக்குக் கீழுள்ள திறப்புகளில் கைவிட்டு, மிஞ்சிய துணியை நாடாவின் மேல் கீழ்நோக்கி மடித்துச் சீராக்குங்கள். பின்கழுத்தில் ஒரு கைமுஷ்டி இடைவெளி விட்டு, மார்புக்குக் கீழே இரண்டாவது நாடா.

கடைசியில் ஓபி என்னும் இடுப்புப்பட்டை. யுகாதாவுக்குச் சுமார் 15 செ.மீ. அகல ஓபி போதும். முடிச்சை முன்னால் போட்டு, பிறகு வலப்பக்கமாகச் சுழற்றி முதுகுக்குக் கொண்டுபோங்கள். இடப்பக்கம் சுழற்றினால் மேல்மடிப்பு இழுபட்டு மார்புப் பக்கம் திறந்துகொள்ளும்.

கேள்வி: விடுதி அறையில் தரும் யுகாதாவோடு வெளியே போகலாமா?

பதில்: வெந்நீர் ஊற்று ஊர்களில் பல இடங்களில் தெருவிலும் அதோடு நடக்கிறார்கள். நகர விடுதியில் தருவது பெரும்பாலும் இரவு உடை, அறையோடு சரி.