உளுந்து பாதிதான் முளைத்தது: தழைச் சாறு கை கொடுக்குமா?

வாழப்பாடி பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "எங்களுக்கு ஒரு ஏக்கர் மானாவாரிக் காடு. போன ஆடியில் வீட்டில் எடுத்து வைத்த உளுந்தை விதைத்தோம், பாதிக்குப் பாதிதான் முளைத்தது. ராத்திரி முழுக்க முருங்கைத் தழைச் சாற்றில் ஊற வைத்து விதைக்கச் சொல்கிறார் பக்கத்துக் காட்டுக்காரர். இன்னொருவர் புங்கந்தழைதான் நல்லது என்கிறார். எதைச் செய்யலாம்?"

தழை எதுவாகவும் இருக்கட்டும், ராத்திரி முழுக்க ஊற வைக்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். உளுந்து இட்லிக்கு ஊறும் வேகம் உங்களுக்கே தெரியும். காய்ந்த பருப்புக்குள் தண்ணீர் திடுதிப்பென்று புகுந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வுகள் சீராவதற்கு நேரம் கிடைக்காமல் கிழிகின்றன. விதையின் சர்க்கரைச் சத்து வெளியே கசிகிறது, அதைத் தேடிப் பூஞ்சாணம் வருகிறது. பழைய விதைக்கு இந்தச் சேதம் இன்னும் அதிகம். நெல்லை ஊற வைக்கும் பழக்கத்தில் உளுந்தையும் ஊற வைத்து அழுக விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, சாற்றில் பலன் உண்டா? உண்டு. ஆனால் அந்தப் பலனில் பெரும்பங்கு தண்ணீருடையது. விதையை அளவாக நனைத்து, முளை வெளியே வருவதற்கு முன் மறுபடி உலர்த்தி வைத்தால், உள்ளே பழுது பார்க்கும் வேலையும் நொதிகளின் வேலையும் தொடங்கிப் பாதியில் நிற்கும், சாம்பல் மூடிய கங்கு போல. மழை ஈரம் கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும், முளைப்பு ஒரே சீராக வரும். விதையைக் கடினப்படுத்துதல் என்பது இதுதான். முருங்கைத் தழையில் செல் பிரிவதைத் தூண்டும் ஜியாட்டின் என்ற இயற்கை ஊக்கி இருக்கிறது, சாறு அதையும் கொஞ்சம் சேர்த்துத் தரலாம். புங்கந்தழைச் சாறு பயறு வகைகளுக்குப் பரிந்துரையில் இருப்பதுதான். ஆனால் செத்த விதைக்கு எந்தச் சாறும் உயிர் கொடுக்காது.

அதனால் சாற்றைத் தேடுவதற்கு முன் விதையைச் சோதியுங்கள். ஒரு கைப்பிடி விதையை முறத்தில் பரப்பிப் பாருங்கள். பயறு வண்டு துளைத்த ஓட்டை தெரிந்தால் போன ஆடியில் நடந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். பிறகு விதைப்பதற்கு இருபது நாளுக்கு முன்பே, நல்ல விதையாகப் பொறுக்காமல் கலந்தாற்போல மூன்று நூறு எண்ணி எடுங்கள். ஒரு நூறு அப்படியே, ஒரு நூறு வெறும் தண்ணீரில் நனைத்து உலர்த்தியது, ஒரு நூறு தழைச் சாற்றில் நனைத்து உலர்த்தியது. மூன்றையும் தனித்தனி ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வைத்து, ஏழாம் நாள் எண்ணுங்கள். வேரும் தண்டும் ஒழுங்காக வந்ததை மட்டும் கணக்கில் சேருங்கள்.

சான்று விதை உளுந்துக்குக் குறைந்தபட்ச முளைப்பு 75 சதவீதம். உங்கள் முதல் நூறு அதன் பக்கத்தில் வந்தால் கடினப்படுத்தி விதைக்கலாம். நாற்பது, ஐம்பதிலேயே நின்றால் அந்த விதையை வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொண்டு புது விதை வாங்குங்கள். வண்ணம் பூசிய, மருந்து கலந்த விதை கிடைத்தால் அதை ஊற வைக்கவே வேண்டாம், மருந்து கழுவிப் போய்விடும். தண்ணீர் நூறும் சாறு நூறும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால், தழை பறிக்கிற வேலையே உங்களுக்கு மிச்சம். இந்தத் தண்ணீர் நூறைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் சாற்றின் மகிமையை அளக்க வழியே இல்லை.

செய்முறைக்கு வருகிறேன். ஏக்கருக்கு 8 கிலோ விதை என்றால், 30 கிராம் புங்கந்தழையை அரைத்து 3 லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். ஒரு கிலோ விதைக்கு 350 மில்லி போதும், 8 கிலோவுக்கு 2 லிட்டர் 800 மில்லி. விதை மூழ்கும்படி ஊற்றக் கூடாது, பிசறிவிட்டு அவ்வப்போது புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். முருங்கை என்றால் பிழிந்த சாறு ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு.

கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். தழைகளில் முளைப்பைத் தடுக்கும் பொருள்களும் இருக்கின்றன, அளவு கூடினால் அவை முந்திக்கொள்ளும். வேலிக்காத்தான் (சீமைக் கருவேலம்), தைலமரத் தழைகளில் கைக்கணக்கே ஆகாது.

உலர்த்துவதில்தான் பலர் தவறுகிறார்கள். நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்தி, விதை பழைய எடைக்குத் திரும்பியதா என்று தராசில் வைத்துப் பாருங்கள். 8 கிலோ மறுபடி 8 கிலோ ஆக வேண்டும். வாழப்பாடிக் காற்றுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும். இதையே ஏற்காட்டில் பீன்ஸுக்குச் செய்பவர்கள், மூடுபனி நாட்களில் விதை பூசணம் பிடிக்காதபடி மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும்.

விதைக்கும் அன்று, ஆறின அரிசிக் கஞ்சியில் 200 கிராம் ரைசோபியம் (வேர் முடிச்சில் காற்றின் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர் உரம்) பொட்டலம் ஒன்றைக் கலந்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் ஆற விடுங்கள். இதைத் தழைச் சாற்றோடு சேர்த்து ஊற வைக்க வேண்டாம். கடினப்படுத்திய விதையை அடுத்த வருஷத்துக்கென்று எடுத்தும் வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சோதனையில் எண்ணிய கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். கூடவே கால் கிலோ விதையையும் கொண்டு போங்கள், கண்ணால் பார்த்துச் சொல்வார்கள்.