மாந்தோப்புக் கடனும் இரண்டு பெயர் போட்ட கட்டுரையும்

அன்புள்ள ஐயா,

தருமபுரியில் முதுகலைப் பொருளியல் படிக்கிறேன். டக்ளஸ் டைமண்டும் ரகுராம் ராஜனும் வங்கிகளைப் பற்றி 2001இல் எழுதிய கட்டுரையைக் கருத்தரங்கில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். படிக்கப் படிக்கச் சலிப்பாக இருக்கிறது. வதந்தி கிளம்பினால் வங்கி விழும் என்பது எங்கள் ஊர்ச் சந்தையில் கடலை விற்கும் பாட்டிக்கே தெரியும். அதற்கு ஏன் இத்தனை சமன்பாடுகள்? இந்தத் துறையில் எதை எடுத்தாலும் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கின்றனவே, ஒருவரால் எழுத முடியாதா? கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் மாமாவுக்கு இதனால் என்ன பயன்?

ஒரு வாசகி, பாலக்கோடு

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டிக்குத் தெரிந்தது பாதி. மோசமான வங்கியிலிருந்து பணத்தை எடுத்துவிட வேண்டும் என்பது அந்தப் பாதி. நல்ல வங்கியும் விழும், அதற்கு யாரும் முட்டாளாக இருக்கத் தேவையில்லை என்பது மறுபாதி. அதை 1983இல் நிறுவிக் காட்டியவர்கள் டைமண்டும் பிலிப் டிப்விக்கும். 2022இல் அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பென் பெர்னான்கியோடு அவர்களும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

உங்கள் மாமாவையே எடுத்துக்கொள்வோம். கடன் வாங்கி ஒட்டுக்கன்று நட்டால் தோப்பு வருமானம் தர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். வங்கி அவருக்குக் கொடுத்த பணமோ, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி யாரோ சேமிப்புக் கணக்கில் போட்டது. போட்டவருக்கு அவசரத்துக்குப் பணம் கிடைக்கிறது, மாமாவுக்குத் தோப்பு கிடைக்கிறது. வங்கி செய்யும் நன்மையே இதுதான். ஆனால் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்றால், வங்கி அந்தக் கடனை அடிமாட்டு விலைக்குத்தான் விற்க முடியும். வரிசையில் கடைசியில் நிற்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே, மற்றவர்கள் ஓடுவார்கள் என்று நினைப்பவர் தானும் ஓடுவதுதான் அறிவுடைமை. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 நவம்பரில் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. அந்த வங்கியின் நோய் வாராக்கடன், அது வேறு கதை. ஆனால் இப்படிப்பட்ட நேரங்களில் வங்கி வாசலில் நிற்பவர்களை அறியாத சனம் என்று எழுதுகிறார்களே, அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அவர்கள் கணக்கு சரியான கணக்கு.

போட்ட பணம் திரும்ப வரும் என்று யாராவது பிணை நின்றால் ஓடுவதற்கான காரணமே இல்லாமல் போகும். 1960இல் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகு, 1962 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் வைப்புத்தொகைக் காப்பீடு இருக்கிறது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம். நடைமுறை முன்னால் வந்தது, அது ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் பின்னால் வந்தது.

இனி நீங்கள் சலித்துக்கொண்ட 2001ஆம் ஆண்டுக் கட்டுரை. தயவுசெய்து அதை இன்னொரு முறை படியுங்கள், ஏனென்றால் அது வதந்தியைப் பற்றியதே அல்ல. 1983இல் எந்த ஓட்டத்தை ஆபத்தாகக் காட்டினாரோ, அதே ஓட்டத்தை டைமண்ட் இப்போது ராஜனோடு சேர்ந்து மறுபக்கத்திலிருந்து பார்க்கிறார். யாரிடம் எப்படி வசூலிப்பது என்பது வங்கியாளருக்கு மட்டுமே தெரிந்த வித்தை. அதைக் காட்டி, 'நான் இல்லாமல் உங்கள் பணம் வராது, பாதியை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று அவர் போட்டவர்களிடம் பேரம் பேசலாம். அவரைத் தடுப்பது எது? பேரம் தொடங்கிய கணமே எல்லோரும் ஓடிவந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம். வங்கியின் பலவீனம்தான் வங்கியாளரின் கடிவாளம். அந்தக் கடிவாளத்தை நம்பித்தான் ஜனங்கள் பணம் போடுகிறார்கள். அந்தப் பலவீனத்தை முழுக்கச் சரிசெய்யப் போனால் மாமாவுக்குக் கிடைக்கும் கடனும் குறையக்கூடும் என்கிறார்கள். இது எனக்கு இன்றும் நிம்மதி தராத முடிவு. ஆனால் தவறு என்று தள்ளவும் முடியவில்லை.

ஒருவரால் முடியாதா என்று கேட்டீர்கள். டைமண்ட் தனியாகவும் நன்றாக எழுதியவர்தான். ஆனால் கூட்டாளி மாறும்போது கேள்வி திரும்புவதைப் பாருங்கள். அதே ராஜன் விரால் ஆச்சார்யாவோடு சேர்ந்தபோது கேள்வி, நம் ரிசர்வ் வங்கியைப் போன்ற மத்திய வங்கியின் பக்கம் போனது. இருவரும் ரிசர்வ் வங்கியில் இருந்தவர்கள், ஆனால் ஒன்றாக அல்ல. ராஜன் 2016இல் ஆளுநர் பதவியிலிருந்து போன பிறகே, 2017இல் ஆச்சார்யா துணை ஆளுநராக வந்தார். மத்திய வங்கி பத்திரங்களை வாங்கிப் பணத்தை இறக்கும்போது, வங்கிகள் அந்தக் கையிருப்பை நம்பி, கேட்டவுடன் தருகிறோம் என்ற வாக்குறுதிகளைப் பெருக்கிக்கொள்கின்றன. பிறகு மத்திய வங்கி பணத்தைத் திரும்ப உறிஞ்சுகிறது, வாக்குறுதிகள் மட்டும் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. மேலும் இருவரைச் சேர்த்துக்கொண்டு, அமெரிக்கத் தரவுகளோடு 2022இல் இதை எழுதினார்கள். அடுத்த ஆண்டே, 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது, மறுநாள் வங்கி மூடப்பட்டது. வட்டி உயர்ந்து அதன் பத்திரங்கள் மதிப்பிழந்திருந்தன, வைப்புகளில் மிகப் பெரும்பகுதி காப்பீட்டு வரம்புக்கு மேல் இருந்தது.

மாமாவுக்கு வருகிறேன். அவர் பணம் வணிக வங்கியிலோ மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலோ இருந்தால், வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்டிருந்தால் அந்தக் காப்பீடு கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் இது பலருக்குத் தெரியாது, முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

கருத்தரங்கில் சமன்பாடுகளை ஒப்பிப்பதை விட இதைப் பேசலாம். காப்பீடு இல்லாத இடத்தில், போட்டவர்களின் பயம்தான் நிர்வாகத்தை நேர்மையாக வைத்திருக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சங்கத்தில் பணம் போட்டவர்கள் அதன் வரவுசெலவைக் கேட்டுப் பார்க்கிறார்களா? நாலு பேரிடம் விசாரித்து எழுதி அனுப்புங்கள், அவசியம் படிக்கிறேன்.