வேட்டி யாருக்குக் கிடைத்தது?

கேள்வி: எங்கள் அப்பு காலத்தில் ஆண்கள் வேட்டி சால்வையோடு கண்ணியமாகத் திரிந்தார்கள். இப்போதைய பொடியன்கள் கிழிந்த ஜீன்ஸோடு சந்தியில் நிற்கிறார்கள். வன்னி ஆண்களின் உடுப்பு எப்போது இப்படிக் கெட்டது? ஊர்ச் சங்கங்கள் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தால் என்ன?
- வாசகர் ஒருவர், முழங்காவில்

பதில்: வயலுக்குள் யாரும் வேட்டி சால்வையோடு இறங்கியதில்லை. கோவணம், இல்லாவிட்டால் சண்டிக்கட்டாகக் கட்டிய சாரம், தலையில் ஒரு துவாய். அதுதான் அன்றைய அன்றாட உடுப்பு. வேட்டி கோயிலுக்கும் கலியாணத்துக்கும் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்கும் போக எடுத்து உடுத்தது. படம் எடுக்கப் போனாலும் அதைத்தான் உடுத்தார்கள். பழைய படங்களை வைத்துக்கொண்டு ஒரு காலத்தையே அளக்கக் கூடாது.

அந்த வேட்டி சால்வையும் எல்லோருக்கும் கிடைத்ததா? வடக்கின் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்க முடியாது. சால்வையைத் தோளில் போட முடியாது. எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். அவர்கள் போராடித்தான் அதை மாற்றினார்கள். நீங்கள் கேட்கும் கட்டுப்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. அது யாரைக் குனிய வைத்தது என்றும் நமக்குத் தெரியும்.

சரி, உடுப்பு எப்படி மாறியது என்று பார்ப்போம். 1970இல் வந்த சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கியது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் காணி பெற்ற இளைஞர்களின் செத்தல் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. கையில் காசு. ஆனால் அதே இறுக்கத்தால் கடையில் நல்ல துணி இல்லை. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் துணி வந்து குவிந்தது. இறக்குமதி மிளகாயும் கூடவே வந்து அவர்களின் விலையை விழுத்தியது. பெல்பொட்டம் தைக்க ஆசைப்பட்ட தலைமுறைக்குக் காசு இருந்தபோது துணி இல்லை, துணி வந்தபோது காசு இல்லை. இதில் ரசனை எங்கே கெட்டது?

அப்புறம் போர். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் சவர்க்காரமே அருமையாகி, பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். இருந்த சேட்டைத் திருப்பித் தைத்தும் ஒட்டுப் போட்டும் உடுத்தார்கள். 2002இல் வன்னி ஊடாகப் போகும் ஏ-9 நெடுஞ்சாலை திறந்ததும் கடைகளில் புது உடுப்புத் தொங்கியது. 2006இல் பாதை திரும்ப மூடப்பட்டது. 2009இல் உடுத்த உடுப்போடு வெளியேறி, செட்டிக்குளம் முகாம்களில் யாரோ கொடுத்ததை அளவு பார்க்காமல் உடுத்தவர்கள் நம் ஆண்கள். இன்று சந்தியில் நிற்கும் பொடியன்களில் பலர் அந்தக் கூடாரங்களில் குழந்தைகளாக இருந்தவர்கள். தனக்குப் பிடித்ததைத் தானே தெரிந்து வாங்குவது அவர்கள் வீடுகளில் பலருக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது. முழங்காலில் கிழிசல் இருந்தால் இருக்கட்டும்.

கோயிலுக்குள் வேட்டி கட்டுகிற வழக்கம் தொடரட்டும், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் றோட்டில் போகிறவன் என்ன உடுக்க வேண்டும் என்று ஒரு சங்கம் சொல்வதை இந்தக் கேள்வி-பதில் பக்கம் ஒருநாளும் ஆதரிக்காது.

ஒன்றை மட்டும் பொடியன்களிடம் நானும் கேட்கிறேன். சித்திரை வெயிலில் தடித்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு உடம்பை ஏன் வேகவைக்கிறீர்கள்? மருதமுனைக் கைத்தறிச் சாரம் இன்னும் நெய்கிறார்கள். காற்றோட்டமானது, நிறமும் நல்ல நிறம். வீட்டில் அப்பாவுக்கு மட்டும் வாங்காமல் உங்களுக்கும் ஒன்று வாங்குங்கள்.