பதில்: ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மாவுக்கு கை வீக்கம், நீர் மாத்திரை போடலாமா?

நீர் மாத்திரை போட்டா அம்மா கை வீக்கம் வடிஞ்சிடுமான்னு கேட்டிருந்தீங்க, பெரும்பாலும் வடியாதுங்க. ரத்தக்குழாய்ல இருந்து கசியுற தண்ணியையும் புரோட்டீனையும் திரும்ப ரத்தத்துல கொண்டு சேர்க்கிறது நிணநீர்க் குழாய்தான், மார்பக கேன்சர் ஆபரேஷன்ல அக்குள்ல இருந்த நிணநீர் முடிச்சையெல்லாம் (இந்தக் குழாய்கள் வழியில இருக்குற சின்ன வடிகட்டி மாதிரி) எடுத்துட்டாங்கன்னு சொல்றீங்க, அப்போ அந்தக் கையோட மெயின் ரூட்டே கட். மாத்திரை தண்ணிய மட்டும்தான் வெளியேத்தும், புரோட்டீன் அங்கயே தங்கி மறுபடி தண்ணிய இழுத்துக்கும், நாளாக நாளாக தோலும் தடிச்சுப் போகும். பிபிக்காக குடுத்த மாத்திரைன்னா நீங்களா நிறுத்திடாதீங்க, அது வேற.

இந்தக் குழாய்க்குன்னு இதயம் மாதிரி பம்ப் கிடையாது, சுவர்ல இருக்குற தசை தானா சுருங்கும், திரும்பி வராம இருக்க உள்ள வால்வு இருக்கு, மிச்சத்த கை அசைவுதான் தள்ளணும். அதனால கைய ஆட்டவே கூடாதுன்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க. அளவெடுத்துப் போடுற கம்ப்ரெஷன் ஸ்லீவ் (கைய இறுக்கிப் பிடிக்கிற உறை), பிசியோ சொல்லித்தர்ற எக்ஸர்சைஸ், இதுதான் வழி. மசாஜ்னா எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கிறது இல்ல (சொந்தக்காரங்க ஆரம்பிச்சிடுவாங்க!), தோலை லேசா நகர்த்தி விடுறது, ஏன்னா நிணநீரை முதல்ல உறிஞ்சுற சின்னக் குழாயெல்லாம் தோலுக்கு அடியிலயே இருக்கு.

முதல்ல டாக்டர்கிட்ட சொல்லி டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பாக்குற ஸ்கேன்) எடுத்து, ரத்தக்கட்டு இல்லன்னு உறுதி பண்ணிக்கோங்க. கை சிவந்து சூடாகி காய்ச்சல் அடிச்சா அன்னைக்கே ஓடுங்க, ஆன்டிபயாடிக் தேவைப்படும்.